ஏக்கருக்கு இரண்டாயிரம் குஞ்சு போதும்

மீன் குட்டை வெட்டப்போகிறேன் என்று யார் வந்து நின்றாலும் நான் முதலில் கேட்பது, எத்தனை குஞ்சு விடப்போகிறீர்கள் என்பதுதான். மண், தண்ணீர், தீவனம், விற்பனை எல்லாம் அதற்குப் பிறகு. ஏக்கருக்கு இரண்டாயிரம் விரலி, அதாவது விரல் நீளக் குஞ்சு, விட்டால் தவிடு, புண்ணாக்கு, சாணத்தோடு வேலை முடிந்துவிடும். ஐயாயிரம், ஆறாயிரம் என்று விட்டால் ராத்திரி முழுக்கத் தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் ஓட வேண்டும். தண்ணீர் கெடும், அதை மாற்ற வேண்டும், மாற்றிய கழிவு ஏதோ ஒரு வாய்க்காலுக்குத்தான் போகும். நெருக்கத்தில் மீனுக்கு நோய் வரும், நோய்க்கு மருந்து வரும், மருந்து தட்டுக்கு வரும். மீன் வளர்ப்பால் உடம்புக்கும் ஊருக்கும் கெடுதல் என்று சொல்கிறார்களே, அதில் பாதிக்கு மேல் குஞ்சு விடுகிற அந்த ஒரு காலையில் முடிவாகிவிடுகிறது.

நாங்கள் மன்னார்குடிப் பக்கம். நெல் வயலை ஒட்டி ஒரு ஏக்கர் குட்டை. கட்லா, ரோகு, மிர்கால் என்ற மூன்று கெண்டை இனங்கள்தான் பிரதானம். நான் கீழே சொல்வது இந்த மாதிரி நன்னீர்க் குட்டைக்கு, சொந்த வீட்டிலும் அதே மீனைச் சாப்பிடப்போகிறவர்களுக்கு.

இடம்

களிமண் பூமியாக இருந்தால் தண்ணீர் நிற்கும். ஒரு கைப்பிடி ஈர மண்ணை உருண்டை பிடித்து மேலே எறிந்து பிடியுங்கள். உடையாமல் கைக்கு வந்தால் குட்டைக்கு ஆகும். ஆழம் ஐந்து அடி முதல் ஆறரை அடி போதும். அதற்குமேல் வெட்டினால் அடித்தண்ணீரில் வெளிச்சமும் இல்லை, காற்றும் இல்லை. கரையைச் சரிவாகப் போட்டு வெட்டிவேர் நடுங்கள். மழையில் மண் கரைந்து பக்கத்து வயலுக்குள் இறங்காது. கரையில் நிழல் மரம் வேண்டாம். இலை விழுந்து அழுகும், வெயிலும் மறையும்.

இடத்தில் நான் கறாராக இருப்பது ஒன்றில்தான். அந்தப் பூமிக்கு முன்னால் என்ன தண்ணீர் வந்தது என்று விசாரியுங்கள். பாலாற்றுப் பக்கம் தோல் பதனிடும் கழிவு பாய்ந்த நிலங்களும், நொய்யல் ஓரம் சாயக்கழிவு பாய்ந்த நிலங்களும் நம் மாநிலத்தில் இருக்கின்றன. அங்கே மண்ணிலும் சேற்றிலும் குரோமியம் போன்ற உலோகங்கள் தங்கியிருக்கும். மிர்கால் சேற்றைக் கிளறித் தின்கிற மீன். அப்படிப்பட்ட இடத்தில் குட்டை மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். டெல்டாவில் பயம் வேறு மாதிரி. பக்கத்து வயலில் அடிக்கிற பூச்சிமருந்து. சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் மாதிரி மருந்துகள் துளி அளவில் கலந்தாலே மீன் செத்து மிதக்கும். வயல் வடிகால் குட்டைக்குள் இறங்காதபடி கரையை உயர்த்தி, பக்கத்து வயல்காரரிடம் மருந்து அடிப்பதற்கு முதல் நாள் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள். எங்கள் பக்கம் சொல்லிவிட்டுத்தான் அடிக்கிறார்கள்.

காலம்

கெண்டை இனங்கள் மழைக்காலத்தில்தான் முட்டையிடும். ஆடி, ஆவணியில் நல்ல விரலி கிடைக்கும். மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறந்தால் எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்துசேர இன்னும் கொஞ்ச நாள் ஆகும். அதில் குட்டையை நிரப்பி, ஆகஸ்டில் குஞ்சு விடுகிறோம். ஒன்பது பத்து மாதத்தில், ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் பிடிக்கிறோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடலில் விசைப்படகுக்குத் தடைக்காலம், 61 நாள். அப்போது கடல் மீன் குறைவு, குட்டை மீனுக்கு நல்ல கேட்பு. புரட்டாசியிலும் மார்கழியிலும் பலர் மீன் தொடமாட்டார்கள், அப்போது பிடித்தால் விலை கிடைக்காது.

இந்தக் கணக்கில் இன்னொரு லாபமும் உண்டு. மே மாதம் குட்டை காலியானதும் அடிமண் வெடிக்கும்வரை வெயிலில் காயப்போடலாம். அழுகல் வாயுவும் கிருமியும் போகும். முந்தின வருஷத்து விரால், ஜிலேபி மாதிரி வேண்டாத மீன் எதுவும் மிஞ்சாது. வற்றாத குட்டை வைத்திருப்பவர்கள் இதற்காக இலுப்பைப் புண்ணாக்கை ஏக்கருக்கு ஒரு டன் அளவில் போடுகிறார்கள். அதிலுள்ள சப்போனின் மீனைக் கொல்லும், பிறகு அதுவே எருவாகிவிடும். ரசாயன விஷத்தைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் போட்டபின் மூன்று வாரம் பொறுக்க வேண்டும், அந்தத் தண்ணீரை வெளியே விடவே கூடாது. வற்றவைக்க முடிந்தவர்களுக்கு அதுவும் தேவையில்லை.

தண்ணீர் நிரப்புமுன்னும் பின்னும்

காய்ந்த அடிமண்ணைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். பி.எச். 7-ஐ ஒட்டி இருந்தால் ஏக்கருக்கு நூறு கிலோ சுண்ணாம்பு தூவுவோம். காரம் மிகுந்த களர் பூமியாக இருந்தால் சுண்ணாம்பு வேண்டாம். ஒரு வாரம் கழித்து மக்கிய மாட்டுச்சாணம் ஒரு டன். பச்சைச் சாணத்தை அப்படியே கொட்டாதீர்கள். அது மக்கும்போது தண்ணீரிலுள்ள பிராணவாயுவைத் தின்றுவிடும்.

கோழி எருவைப் பற்றி எனக்குக் கண்டிப்பான கருத்து உண்டு. குட்டைக்கு மேலேயே கோழிக்கூண்டு கட்டி எச்சம் நேராகத் தண்ணீரில் விழுகிற மாதிரி அமைப்பதைச் சிலர் இயற்கை முறை என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். வீட்டில் தவிடு தின்று வளர்கிற நாட்டுக்கோழி என்றால் சரி. பண்ணைக் கோழிக்கு மருந்து கொடுத்து வளர்த்திருந்தால் அதன் மிச்சம் எச்சத்தில் இருக்கும், அது குட்டைச் சேற்றில் இறங்கும். அங்கேயுள்ள பாக்டீரியா அந்த மருந்தைத் தாங்கப் பழகிக்கொள்ளும். பழகிய குணத்தைப் பக்கத்திலுள்ள வேறு பாக்டீரியாவுக்கும் கொடுக்கும். கடைசியில், மனிதனுக்குச் சீழ்ப்புண் வரும்போது ஆஸ்பத்திரியில் போடுகிற ஊசி கேட்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணமாகிறது. என் குட்டைக்குப் பண்ணைக்கோழி எரு வராது.

தண்ணீர் வரும் மதகு வாயில் நைலான் வலை கட்டுங்கள். விராலும் ஜிலேபியும் வாய்க்கால் வழியாகத்தான் உள்ளே வரும். ஜிலேபி 1952-இல் நம் நாட்டுக்குக் கொண்டுவந்த மீன். வருஷம் முழுக்கக் குஞ்சு பொரித்து, நம் ஏரி குளங்களில் நாட்டு மீனின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. வெளியூர் மீனைக் கொண்டுவந்து வளர்ப்பவர்கள் இதை ஒரு தடவை நினைத்துப் பார்க்க வேண்டும். ஆப்பிரிக்கக் கெளுத்தி இன்னும் மோசம். அதை வளர்க்கவும் விற்கவும் அரசு தடை போட்டு இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இருந்தும் கோழிக்கடைக் கழிவைக் கொட்டி மறைவில் வளர்க்கிறார்கள். அழுகிய குடலைத் தின்று மூன்று நான்கு மாதத்தில் கிலோக் கணக்கில் பருக்கும், ஒரு மழைக்குக் கரை தாண்டி ஆற்றில் இறங்கி நாட்டுக் கெளுத்தியையும் குரவையையும் அழிக்கும். யாராவது "சீக்கிரம் லாபம்" என்று அந்தக் குஞ்சைக் கொண்டுவந்து காட்டினால் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள்.

குஞ்சு விடுதல்

அரசு மீன் பண்ணையிலோ பதிவு பெற்ற பண்ணையிலோ வாங்குங்கள். விரல் நீளம், அதாவது எட்டு முதல் பத்து சென்டிமீட்டர் இருக்க வேண்டும். சின்னக் குஞ்சு விலை குறைவு, ஆனால் பாதி பாம்புக்கும் தவளைக்கும் போய்விடும். இரண்டாயிரத்தில் எண்ணூறு கட்லா, அறுநூறு ரோகு, அறுநூறு மிர்கால். கட்லா மேல்தண்ணீரில் மேயும், ரோகு நடுவில், மிர்கால் அடியில். ஒன்றின் பங்கை மற்றது பிடுங்காது. குட்டையில் பாசிக்கொடி அதிகம் என்றால் நூறு ரோகுவைக் குறைத்து நூறு புல்கெண்டை விடுங்கள். களைக்கொல்லி வாங்க வேண்டியிருக்காது.

பை வந்ததும் திறந்து கொட்டிவிடக் கூடாது. வாய் கட்டியபடியே கால் மணி நேரம் குட்டையில் மிதக்கவிடுங்கள், பிறகு குட்டைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் சேருங்கள். விடுவதற்கு முன் பத்து லிட்டர் தண்ணீரில் கால் கிலோ கல்லுப்பு கரைத்து, குஞ்சுகளை ஒரு நிமிஷம் முக்கி எடுங்கள். பயணத்தில் ஒட்டிய கிருமிக்கும் ஒட்டுண்ணிக்கும் இந்த உப்பே போதும்.

என் அண்ணன் மகன் பட்டயப்படிப்பு படித்தவன். "அத்தை, குட்டை பாதி காலியாத்தான் கிடக்கு. இன்னொரு மூவாயிரம் விடலாமே" என்றான். அவனிடம் சொன்ன கணக்கை உங்களுக்கும் சொல்கிறேன். இரண்டாயிரத்தில் ஆயிரத்து அறுநூறு தப்பி, ஒவ்வொன்றும் முக்கால் கிலோ வந்தால் 1,200 கிலோ. அந்த மீன் அறுவடை வரைக்கும் கரண்ட் இல்லாமல் மூச்சுவிடும். ஐயாயிரம் விட்டால் எடை கூடும்தான். ஆனால் அதற்குமேல் ஒவ்வொரு கிலோவுக்கும் கரண்ட், டீசல், மருந்து, கம்பெனித் தீவனம் என்று பின்னால் வரிசை நிற்கும். ஒரு ராத்திரி மின்சாரம் போனால் காலையில் மொத்தமும் மிதக்கும்.

தீவனம்

தவிடும் கடலைப் புண்ணாக்கும் சம அளவு. மீனின் மொத்த எடையில் நூற்றுக்கு மூன்று என்று கணக்கிடுங்கள். ஆயிரத்து அறுநூறு மீன், ஒவ்வொன்றும் இருநூறு கிராம் என்றால் 320 கிலோ, ஒரு நாளைக்கு ஒன்பதரைக் கிலோ தீவனம். மாதம் ஒரு முறை வீச்சு வலையில் கொஞ்சம் பிடித்து எடைபோட்டு அளவை மாற்றுங்கள். நாங்கள் உரச்சாக்கு மாதிரி பைகளில் அடிப்பக்கம் சின்னத் துளை போட்டு, தீவனத்தை நிரப்பி, மூங்கில் கழியில் கட்டித் தொங்கவிடுகிறோம். மீன் வந்து துளையில் உறிஞ்சித் தின்னும். மாலையில் பையைத் தூக்கிப் பார்த்தால் மிச்சம் தெரிந்துவிடும். கையால் அள்ளி வீசினால் தின்னாதது அடியில் போய் அழுகும். அதிலிருந்துதான் மீனுக்கு நஞ்சான அமோனியா வரும்.

புண்ணாக்கை முகர்ந்து பார்த்து வாங்குங்கள். ஈரம் பட்டுப் பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கில் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு உண்டாகும். அது மீனின் ஈரலையும் கெடுக்கும், மனிதனுக்கும் ஈரல் புற்றுநோய் வரவைக்கக்கூடியது. மழைக்காலத்தில் பலகை மேல் அடுக்கி, பதினைந்து நாளுக்குத் தேவையானதை மட்டும் வாங்கி வைப்போம்.

கெண்டையை நான் விரும்புவதற்கு இன்னொரு காரணம், அதற்கு மீன்தூள் தேவையில்லை. காளாஞ்சி, இறால் மாதிரி மாமிசம் வேண்டுகிற இனங்களின் தீவனத்தில் மீன்தூள் சேரும். மேற்குக் கரையில் மத்தியை, வளராத குஞ்சுமத்தியைக்கூட, வாரிக்கொண்டுபோய் ஆலையில் அரைக்கிறார்கள். ஏழை தின்கிற மீனை அரைத்து வசதியானவர் தின்கிற மீனுக்குப் போடுவது எனக்கு ஒப்பவில்லை.

விடியற்காலைக் கவனிப்பு

தண்ணீரின் நிறம் இளம்பச்சையாக இருக்க வேண்டும். முழங்கை வரை கையை உள்ளே விட்டு உள்ளங்கையைப் பாருங்கள். முழங்கை மூழ்கும்போது உள்ளங்கை மங்கி மறைந்தால் சரியான அளவு. நன்றாகத் தெரிந்தால் கொஞ்சம் சாணம் கரைத்து விடலாம். முழங்கை மூழ்குமுன்னே மறைந்தால் சாணம், தீவனம் இரண்டையும் நிறுத்துங்கள்.

பகலில் பாசி பிராணவாயுவைக் கொடுக்கும். ராத்திரி பாசி, மீன், சேறு எல்லாமே அதை எடுத்துக்கொள்ளும். அதனால் விடியற்காலை நான்கு முதல் ஆறு மணிவரை தண்ணீரில் காற்று மிகக் குறைவு. மீன் மேலே வந்து வாயைப் பிளந்தால் அதற்குப் பசி என்று நினைத்துத் தீவனம் போட்டுவிடாதீர்கள். மோட்டாரைப் போட்டுக் குட்டைத் தண்ணீரையே இறைத்து உயரத்திலிருந்து சிதறி விழவையுங்கள். போர்த் தண்ணீரை விடுவதானாலும் சிதறவைத்துத்தான் விட வேண்டும். நிலத்தடி நீரில் காற்று கிடையாது, குழாயைத் தண்ணீருக்குள் மூழ்கவைத்தால் பயனில்லை. இரண்டு மூன்று நாள் மோடம் போட்டால் தீவனத்தைப் பாதியாக்குங்கள்.

நோயும் மருந்தும்

ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து பனி இறங்கும்போது செம்புண் நோய் வரும். உடம்பில் சிவப்புப் புள்ளி தோன்றிக் குழிப்புண்ணாகும். 1988-இல் இந்தியாவுக்குள் வந்த நோய் இது. காரணம் பூஞ்சை போன்ற ஒரு நுண்ணுயிர். வந்தபின் குணப்படுத்துவது கஷ்டம், வராமல் தடுப்பது சுலபம். மழை ஓய்ந்ததும் ஏக்கருக்கு நாற்பது கிலோ சுண்ணாம்பைக் கரைத்து ஆறவைத்துக் குட்டை முழுக்கத் தெளியுங்கள். மழைத்தண்ணீர் வயலிலிருந்து உள்ளே வழியவிடாதீர்கள்.

மீன் பேன் இன்னொரு தொல்லை. இதற்குப் பூச்சிமருந்தைக் குட்டையிலேயே ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். சாப்பிடுகிற மீன் நீந்துகிற தண்ணீரில் அதைக் கலக்க நான் சம்மதிக்க மாட்டேன். பேன் கெட்டியான பரப்பில்தான் முட்டை ஒட்டும். பழைய பலகைகளை நான்கைந்து இடத்தில் நட்டுவையுங்கள். வாரம் ஒரு முறை எடுத்து வெயிலில் காயவைத்தால் முட்டை செத்துவிடும். மூங்கில் கழிகள் இருந்தால் மீனும் உரசிக்கொள்ளும்.

மருந்துக் கடையில் "தீவனத்தில் கலந்து போடுங்க, எல்லாம் சரியாகிடும்" என்று ஆன்டிபயாடிக் பொட்டலத்தை நீட்டுவார்கள். பூஞ்சைக்கும் பேனுக்கும் அது வேலையே செய்யாது. குளோராம்பெனிகால், நைட்ரோபியூரான் வகைகளை உணவு மீனுக்குக் கொடுப்பது நம் நாட்டில் தடை. குளோராம்பெனிகால் சிலருக்கு எலும்பு மஜ்ஜையையே முடக்கி ரத்தம் ஊறாமல் செய்துவிடும், எவ்வளவு குறைவாக இருந்தால் பாதுகாப்பு என்று அளவு சொல்ல முடியாது. நைட்ரோபியூரானின் மிச்சம் சதையில் தங்கும், சமைத்தாலும் போகாது. அடையாளம் தெரியாத நோய் என்றால் உயிருள்ள மீன் இரண்டைத் தண்ணீரோடு எடுத்துக்கொண்டு மீன்வளத் துறை அலுவலகத்துக்கோ, நாகப்பட்டினத்திலுள்ள மீன்வளப் பல்கலைக்கழகத்துக்கோ போங்கள். செத்த மீனைப் பார்த்துச் சொல்வது அவர்களுக்கும் கஷ்டம்.

தண்ணீர் எங்கே போகிறது

நாகப்பட்டினம் கரையோரத்தில் 1990-களில் இறால் பண்ணைகள் வந்தபோது நடந்ததை எங்கள் பக்கம் யாரும் மறக்கவில்லை. நெல் விளைந்த நிலத்தில் உப்புத்தண்ணீர் தேக்கினார்கள். பக்கத்து வயலும் குடிநீர்க் கிணறும் கரித்தன. சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1996 டிசம்பர் 11-இல் தீர்ப்பு வந்தது, கடலோர ஒழுங்குமுறைப் பகுதிக்குள் இறால் பண்ணைகள் கூடாது, கெடுத்தவர்தான் ஈடு கொடுக்க வேண்டும் என்று. பிறகு 2005-இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தது. ஆந்திராவில் கொல்லேறு ஏரியையே கூறுபோட்டு மீன்குட்டை ஆக்கியதும், 2006-இல் அரசே அந்தக் கரைகளை உடைத்ததும் நன்னீர் மீனுக்காக நடந்ததுதான். ஆகவே நாம் நல்ல தண்ணீரில் வளர்க்கிறோம், நமக்குக் கேள்வியில்லை என்று இருக்க முடியாது.

பத்து மாதம் மீன் இருந்த தண்ணீரில் தழைச்சத்தும் மணிச்சத்தும் நிறைய. வாய்க்காலில் திறந்துவிட்டால் ஆகாயத்தாமரையும் பாசியும் மண்டும், கடைமடையில் குளிக்கிறவர்களுக்குத் தோல் அரிக்கும். அதே தண்ணீர் தென்னைக்கும் வாழைக்கும் நல்ல உரம். நாங்கள் ஏப்ரல், மே இரண்டு மாதமும் கொஞ்சம் கொஞ்சமாக இறைத்து எங்கள் தென்னைக்கும் பக்கத்துக் காய்கறித் தோட்டத்துக்கும் பாய்ச்சுகிறோம். ஏக்கர் குட்டைக்குக் குறைந்தது அதே அளவு பயிர் நிலம் பக்கத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் குட்டையைச் சின்னதாக வெட்டுங்கள். அடிச்சேற்றைக் காய்ந்தபின் வண்டியில் ஏற்றி வயலுக்கு அடித்தால் குறுவைக்கு யூரியா குறையும்.

பிடிப்பதும் சாப்பிடுவதும்

பிடிப்பதற்கு முதல் நாள் தீவனம் கிடையாது. குடல் காலியாக இருந்தால் மீன் சீக்கிரம் கெடாது. தண்ணீரில் பச்சைப் பெயின்ட் ஊற்றின மாதிரி படலம் இருந்தால் பிடிப்பதைத் தள்ளிவையுங்கள். அந்த நீலப்பச்சைப் பாசியில் சில வகை நஞ்சு உடையது. குட்டை மீனின் மண்வாடைக்கும் அந்த வகைப் பாசிதான் பெரும்பாலும் காரணம். சுத்தமான தண்ணீர்த் தொட்டியில் இரண்டொரு நாள் விட்டுவைத்தால் வாடை குறையும், மிச்சத்தைப் புளி பார்த்துக்கொள்ளும். புளிப்பில் அந்த வாடைப்பொருள் சிதைந்துவிடும். இழுவலை போட்டு விடியுமுன் பிடித்து, ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ். கரையிலேயே உயிரோடு விற்க முடிந்தால் அதைவிட நல்லது.

கட்லாவும் ரோகுவும் நல்ல புரதம். பாசியும் தண்ணீரில் மிதக்கும் நுண்ணுயிரும் தவிடும் தின்று ஒரு வருஷத்துக்குள் பிடிபடுவதால் பெரிய கடல் மீன்களைப் போல பாதரசம் சேராது. ஒமேகா-3 கொழுப்பில் மட்டும் மத்தியை இது எட்டாது. இதயத்துக்காகச் சாப்பிடுகிறவர்கள் வாரத்தில் ஒரு நாள் மத்தி வாங்கிக்கொள்ளுங்கள், குட்டை வைத்திருந்தாலும் இதைச் சொல்லத்தான் வேண்டும்.

வலை கட்டினாலும் அயிரையும் கெண்டைப்பொடியும் குட்டைக்குள் வந்துவிடும். களை மீன் என்று அவற்றை ஒழிக்கச் சொல்வார்கள். நான் விராலையும் ஜிலேபியையும் மட்டும் எடுத்துவிட்டு இவற்றை விட்டுவைக்கிறேன். வங்கதேசத்தில் வீட்டுக் குட்டைகளில் கெண்டையோடு மோலா என்ற பொடிமீனைச் சேர்த்து வளர்க்கும் முறையைப் பரப்பியவர் சகுந்தலா தில்ஸ்டெட். 2021-இன் உலக உணவுப் பரிசு அவருக்குத்தான் கிடைத்தது. பெரிய மீன் விற்பனைக்குப் போகும், பொடிமீன் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வீட்டிலேயே தங்கும். முள்ளோடு மென்று தின்பதால் சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கும். மோலாவில் விட்டமின் ஏ பெரும்பாலும் கண்ணிலும் குடலிலும் இருக்கிறது என்று கண்டிருக்கிறார்கள். அதனால் பொடிமீனை ஆயும்போது தலையைக் கிள்ளிப் போட்டுவிடாதீர்கள். உயிரோடு நல்ல தண்ணீரில் சில மணி நேரம் விட்டு, மண்சட்டியில் கல்லுப்புப் போட்டு உரசிக் கழுவி, முழுசாகவே குழம்பில் போடுங்கள்.